லியர் அரசன் ஐந்தாம் வகுப்புக்கு வரலாமா?

கடிதத்தின் சுருக்கம்

ஐந்தாம் வகுப்பு ஆசிரியை ஒருவர் மூன்று பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடாது என்று கேட்டுக்கொண்டதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவர் வகுப்பில் 34 பிள்ளைகள். பத்து, பதினோரு வயது. உலகின் செவ்வியல் நாடகம் ஒன்றையாவது இந்தப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஷேக்ஸ்பியரின் 'லியர் அரசன்' கதையைச் சுருக்கி வாசித்தார், கேள்வி கேட்டார், பிள்ளைகள் பதில் எழுதினார்கள். மறு வாரம் கேட்டால் லியருக்கு எத்தனை மகள்கள் என்பதுகூடப் பாதிப் பேருக்கு நினைவில்லை. சரி, நடிக்கவே வைத்துவிடலாம் என்று ஆண்டு விழாவில் 25 நிமிடம் கேட்டு வாங்கிவிட்டார். கையில் இருப்பது எட்டு வாரம், வாரத்துக்கு இரண்டு பாடவேளை.

சிக்கல் அதற்கப்புறம்தான் ஆரம்பம். நன்றாகப் பேசும் ஆறு பேருக்கு வசனம் கொடுத்து, மற்றவர்களைக் காவலர்களாகவும் மரங்களாகவும் நிறுத்தினார். திக்கிப் பேசும் ஒரு பையனையும் மரமாக்கினார், 'அவன் அவமானப்படக் கூடாது என்பதற்காக.' மகள்கள் அப்பாவைத் துரத்தும் காட்சியை வாசித்தபோது ஒரு சிறுமி அழுதுவிட்டாள். அவள் தாத்தா சமீபத்தில்தான் வீட்டை விட்டு முதியோர் இல்லம் போயிருக்கிறார். இரண்டு பெற்றோர் வந்து, "இந்த வயசுல சாவும் துரோகமும் எதுக்கு டீச்சர்?" என்று கேட்டார்கள். தலைமை ஆசிரியர் முடிவை மாற்றச் சொன்னார். இவரும், மூலத்தில் சாகும் இளைய மகள் கார்டிலியா பிழைத்து, எல்லாரும் சேர்ந்து பாட்டுப் பாடும் ஒரு முடிவை எழுதிவிட்டு, மூல ஆசிரியருக்குத் துரோகம் செய்துவிட்டேனோ என்று தூக்கமில்லாமல் இருக்கிறார். நாடகத்தை விட்டுவிடுவதா, முடிவை மாற்றலாமா, அந்தப் பையனையும் சிறுமியையும் என்ன செய்வது, யாரிடமாவது உரிமை வாங்க வேண்டுமா என்பவை அவர் கேள்விகள். பின்குறிப்பில், மகுடத்தை அட்டையில் செய்தால் போதுமா என்றும் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் கடிதத்தில் 'பயமாக இருக்கிறது' என்ற சொல் ஐந்து இடத்தில் வருகிறது. அதனால் முதல் கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். நாடகத்தை விட வேண்டாம். லியர் பத்து வயதுக்குப் பொருந்தாத நாடகமும் இல்லை. குழந்தைகள் மனநல ஆலோசகராகவும், பள்ளிகளில் நாடக வகுப்பு எடுப்பவளாகவும் இதைச் சொல்கிறேன். ஆனால் நீங்கள் போகும் வழியைக் கொஞ்சம் திருப்ப வேண்டியிருக்கிறது.

'முதலில் கதை நன்றாகப் புரியட்டும், அப்புறம் நடிக்க வைக்கலாம் என்று நினைத்தேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். நாம் எல்லாருமே இப்படித்தான் தொடங்குகிறோம். நானும் பல வருடம் இப்படியே செய்து, கொட்டாவிகளை எண்ணியிருக்கிறேன். பிள்ளைகள் விஷயத்தில் இது தலைகீழ். அவர்கள் செய்து பார்த்துத்தான் புரிந்துகொள்கிறார்கள். சொப்புச் சாமான் வைத்து விளையாடும் குழந்தை, அம்மாவின் மனநிலை புரிந்த பிறகா அம்மாவாக நடிக்கிறது? நாடகம் எழுதப்பட்டதே வாசித்துவிட்டுக் கேள்விக்குப் பதில் எழுதுவதற்காக இல்லையே. அதனால் சுருக்கக் கதையை மூடி வையுங்கள். முதல் காட்சியிலிருந்தே பிள்ளைகளை எழுப்பி நிறுத்துங்கள்.

லியரின் முதல் காட்சிக்கு முன்னுரையே தேவையில்லை. "உனக்கு அம்மாவைப் பிடிக்குமா, அப்பாவைப் பிடிக்குமா?" என்று வீட்டுக்கு வந்த யாராவது ஒருவர் ஒவ்வொரு பிள்ளையையும் கேட்டிருப்பார். கேட்பவருக்கு வேடிக்கை, பிள்ளைக்குச் சங்கடம். லியர் அதே கேள்வியைத்தான் மூன்று மகள்களிடம் கேட்கிறார், பரிசாக ராஜ்ஜியத்தின் பங்கை வைத்துக்கொண்டு. வகுப்பில் மேசைகளை ஓரம் தள்ளிவிட்டுத் தரையில் சாக்பீஸால் ஒரு பெரிய வரைபடம் போடுங்கள். நாடகத்திலும் லியர் முதல் வேலையாக வரைபடத்தைத்தான் கொண்டுவரச் சொல்கிறார். ஒரு லியர், மூன்று மகள்கள், சுற்றிலும் அரசவையாக மற்றவர்கள். மூத்த மகள்கள் கானரிலும் ரீகனும் அளக்கும் பசப்புப் பேச்சைப் பிள்ளைகளே தங்கள் வார்த்தையில் சொல்லட்டும். எவ்வளவு புளுக முடியுமோ அவ்வளவு புளுகலாம். அப்புறம் கார்டிலியாவின் முறை. அவள் சொல்வது "ஒன்றுமில்லை."

ஒரு முறை நான் எடுத்த வகுப்பில், லியராக நின்ற பையன் இந்த இடத்தில் அப்படியே நின்றுவிட்டான். வசனம் எதுவும் கொடுத்திருக்கவில்லை. அவன் முகம் சிவந்தது. ஒரு நிமிடம் கழித்து, தரையில் இருந்த மூன்றாவது பங்கின் கோட்டைச் செருப்பில்லாத காலால் பரபரவென்று அழித்து, மற்ற இரண்டு பங்கோடும் சேர்த்துவிட்டான். நாடகத்தில் நடப்பதும் இதுதான்: கார்டிலியாவின் பங்கை லியர் மற்ற இரு மகள்களுக்கும் பிரித்துக் கொடுத்துவிடுகிறார். அவனுக்கு யாரும் அதைச் சொல்லித் தரவில்லை. அந்தக் கோபத்தில் நின்றவனுக்கு வேறு வழி தெரியவில்லை, அவ்வளவுதான். அவன் பாதத்தில் ஒட்டியிருந்த வெள்ளைப் பொடி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

இன்னொரு காட்சியும் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் 34 பேரில் பெரும்பாலானவர்களுக்கு அதில் வேலை இருக்கிறது. ராஜ்ஜியத்தைக் கொடுத்துவிட்ட லியர் தனக்கென்று நூறு வீரர்களை மட்டும் வைத்துக்கொள்கிறார். கானரில் ஐம்பது பேரைக் குறைக்கிறாள். ரீகன் என் வீட்டுக்கு வருவதானால் இருபத்தைந்துக்கு மேல் வேண்டாம் என்கிறாள். அப்புறம் இருவரும் மாறி மாறி, பத்து எதற்கு, ஐந்து எதற்கு, ஒருவர்தான் எதற்கு என்று இறக்குகிறார்கள். லியருக்குப் பின்னால் இருபது பிள்ளைகளை வீரர்களாக நிறுத்துங்கள். ஒவ்வொரு எண் சொல்லும்போதும் அதற்கேற்ற அளவு பேர் சத்தமில்லாமல் உட்கார வேண்டும். முதலில் சிரிப்பார்கள். பாதிப் பேர் உட்கார்ந்ததும் சிரிப்பு நின்றுவிடும். கடைசியில் லியர் திரும்பிப் பார்த்தால் பின்னால் நிற்க ஒருவரும் இல்லை. ஒரு மனிதரின் மரியாதை எப்படித் துண்டு துண்டாகப் பறிபோகிறது என்பதை இதைவிடத் தெளிவாக எந்த வினாவிடையிலும் கற்றுத்தர முடியாது.

பழைய மொழி பிள்ளைகளுக்கு எட்டாது என்ற பயத்தையும் கொஞ்சம் தளர்த்துங்கள். பெரும்பாலான வசனத்தை அவர்கள் சொந்தப் பேச்சிலேயே வைத்துக்கொள்ளலாம். ஆனால் பத்துப் பன்னிரண்டு வரியையாவது கனமான நடையில் விட்டுவைக்க வேண்டும். புரியாத சொல் என்றால் நமக்குத்தான் தடுமாற்றம். பிள்ளைகள் அதை மிட்டாய் மாதிரி வாயில் போட்டு உருட்டுவார்கள். அரசனின் கோமாளி போடும் புதிர்கள் நம் விடுகதைகளுக்கு அண்ணன் தம்பி. நத்தைக்கு வீடு எதற்கு? தலையை உள்ளே வைத்துக்கொள்ள; மகள்களுக்குத் தூக்கிக் கொடுக்க இல்லை. கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் ஏன் ஏழு? எட்டு இல்லை என்பதால். இந்த இரண்டாவது புதிருக்கு விடை சொல்வது லியரே. ஒரு பாடவேளை முழுக்கப் பிள்ளைகளைக் கோமாளிப் புதிர் எழுத வையுங்கள். லியரின் விசுவாசியான கென்ட், கானரிலின் பணியாள் ஆஸ்வால்டை மூச்சு விடாமல் திட்டும் இடமும் அவர்களுக்குக் கொண்டாட்டம். திட்டுகளை அவர்களே கண்டுபிடிக்கலாம், ஆனால் யாருடைய உடலையும் குடும்பத்தையும் பிறப்பையும் தொடக் கூடாது. இந்த நிபந்தனை போட்ட பிறகு வரும் திட்டுகள்தான் அபாரமாக இருக்கும்.

முடிவை மாற்றுவது பற்றி

உங்கள் தூக்கத்தைக் கெடுத்த விஷயத்துக்கு வருகிறேன். 'மூலக் கதை சோகம், நான் அதைச் சுகமாக்கிவிட்டேன்' என்கிறீர்கள். உண்மையில் இது நேர்மாறு. 12ஆம் நூற்றாண்டில் மான்மவுத்தின் ஜெஃப்ரி எழுதிய பழைய கதையில் இந்த அரசன் மகளின் உதவியோடு மறுபடி ஆட்சிக்கு வருகிறார். ஷேக்ஸ்பியருக்கு முன்பே மேடையில் இருந்து 1605இல் அச்சான இன்னொரு லியர் நாடகமும் நல்லபடியாகவே முடிகிறது. மகளைச் சாகவிட்டு, தகப்பன் கையில் அவளைச் சுமக்க வைத்தவர் ஷேக்ஸ்பியர்தான். அப்புறம் 1681இல் நேஹம் டேட் என்பவர் அதைத் திருப்பி மாற்றினார்: கார்டிலியா பிழைக்கிறாள், க்ளாஸ்டர் பிரபுவின் மகன் எட்கரை மணக்கிறாள், கோமாளி பாத்திரமே காணாமல் போகிறது. ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு ஆங்கில மேடையில் ஓடியது இந்த வடிவம்தான். 1838இல்தான் மக்ரெடி என்ற நடிகர் கோமாளியைத் திரும்ப மேடைக்குக் கொண்டுவந்தார். ஆகவே நீங்கள் செய்த குற்றத்துக்கு உங்களுக்கு முன்னால் பெரிய வரிசையே நிற்கிறது.

வெட்டுவதற்கும் அஞ்ச வேண்டாம். 1608இல் அச்சான பிரதியில் இருக்கும் சுமார் முந்நூறு வரி 1623இல் வந்த ஷேக்ஸ்பியர் நாடகத் தொகுப்பில் இல்லை. தொகுப்பில் இருக்கும் சுமார் நூறு வரி முந்தைய பிரதியில் இல்லை. தொடக்கத்திலேயே இரண்டு லியர்கள் இருந்திருக்கிறார்கள். 26 காட்சிகளை 25 நிமிடத்துக்குள் திணிக்க முயல்வதுதான் தப்பு. ஐந்து காட்சி போதும்.

இவ்வளவு சொன்னாலும், உங்கள் பாட்டு முடிவு எனக்குப் பிடிக்கவில்லை. காரணம் ஷேக்ஸ்பியர் மீதுள்ள பக்தி இல்லை. முதல் காட்சியிலிருந்து ஏமாற்றுப் பேச்சு எது, உண்மைப் பேச்சு எது என்று பிள்ளைகளை யோசிக்க வைத்துவிட்டு, கடைசியில் கானரிலையும் ரீகனையும் திடீரென்று நல்லவர்களாக்கிக் கைகோத்துப் பாட வைத்தால், நாமே ஏமாற்றுப் பேச்சு பேசுகிறோம் என்று ஆகிவிடும். பத்து வயதுக்காரர்களுக்கு அது உடனே தெரியும். வாயால் சொல்ல மாட்டார்கள்.

இதற்கு ஒரு வழி மூலத்திலேயே இருக்கிறது. நாலாம் அங்கத்தின் கடைசிக் காட்சியில் லியர் தூங்கி எழுகிறார். எதிரில் கார்டிலியா. தான் ஒரு அறிவில்லாத கிழவன் என்கிறார். "என்னை வெறுக்க உனக்குக் காரணம் இருக்கிறது" என்கிறார். அவள், "காரணமே இல்லை, காரணமே இல்லை" என்கிறாள். முதல் காட்சியில் 'ஒன்றுமில்லை' என்ற அதே பெண்! நாடகத்தை இங்கே நிறுத்துங்கள். ஒரு வரியையும் திரிக்க வேண்டியதில்லை. பிறகு குழு முழுவதும் முன்னால் வந்து, கதை இத்தோடு முடியவில்லை, போர் வந்தது, லியரும் கார்டிலியாவும் தோற்றுப்போனார்கள், இருவரும் பிழைக்கவில்லை என்று நேராகச் சொல்லிவிட்டு விளக்கை அணைக்கலாம். இதையும் தலைமை ஆசிரியர் ஏற்காவிட்டால், அந்தக் கடைசி அறிவிப்பை மேடையில் விட்டுவிடுங்கள், வகுப்பில் மட்டும் சொல்லுங்கள். இரண்டு முடிவையும் சொல்லி, எது சரி என்று பிள்ளைகளைச் சண்டை போட விட்டால் ஒரு பாடவேளை போதாது.

சாவும் கொடுமையும்

பெற்றோர் கேட்டது நியாயமான கேள்வி. 'குழந்தைகளுக்குச் சாவே தெரியாது' என்று வைத்துக்கொண்டால்தான் தப்பு. அவர்கள் கேட்டு வளர்ந்த கதைகளில் அரக்கன் சாகிறான், ராஜா காட்டுக்குப் போகிறார், அம்மா இல்லாத பிள்ளை அலைகிறது. சாவு கதைக்குள் வருவது பெரும்பாலும் அவர்களைப் பாதிப்பதில்லை. அதைக் கண்ணெதிரே ரத்தமாகக் காட்டுவதும், காட்டிவிட்டுப் பேசாமல் விடுவதும்தான் பாதிக்கும். அதனால் க்ளாஸ்டரின் கண்ணைப் பிடுங்கும் காட்சி உங்கள் மேடைக்கு வரவே கூடாது. அந்தக் கிளைக்கதையையே நீக்கிவிடலாம். வேறு செவ்வியல் நாடகங்களைத் தொடும்போதும் இதே சிக்கல் வரும். அப்போது கிரேக்கர்களின் உத்தி கைகொடுக்கும். சோஃபோக்ளீஸின் ஈடிபஸ் தன் கண்ணைக் குத்திக்கொள்வதை நாம் பார்ப்பதில்லை. தூதன் ஒருவன் ஓடிவந்து சொல்கிறான். பிள்ளைகளுக்குத் தூதன் வேடம் மிகவும் பிடிக்கும், மூச்சிரைக்க ஓடி வரலாமே.

கிளைக்கதை மேடைக்குப் போகாவிட்டாலும், அதிலிருந்து ஒரு துண்டை மட்டும் வகுப்புப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளுங்கள். பார்வை இழந்த க்ளாஸ்டரை, யாரென்று காட்டிக்கொள்ளாத மகன் எட்கர் கூட்டிக்கொண்டு போகிறான். சமதரையில் நிற்க வைத்து, மலை உச்சியில் நிற்கிறோம் என்று நம்ப வைக்கிறான். எப்படி? நடுவானில் பறக்கும் காக்கைகள் வண்டு அளவுக்குத்தான் தெரிகின்றன, கடற்கரையில் நடக்கும் மீனவர்கள் எலி மாதிரி இருக்கிறார்கள் என்று சொல்லியே. இரண்டு இரண்டு பேராகப் பிரியுங்கள். ஒருவர் கண்ணை மூடிக்கொள்ளட்டும் (துணி கட்ட வேண்டாம், பயந்தால் உடனே திறக்க முடியவேண்டும்). மற்றவர் தோளில் கை வைத்து நடத்திச் சென்று, வெறும் வார்த்தையால் ஒரு மலையைக் கட்ட வேண்டும். குதிப்பதெல்லாம் கிடையாது, நின்று எட்டிப் பார்ப்பதோடு சரி. வகுப்பறைத் தரையில் நின்றபடியே ஒரு பிள்ளை காலைப் பின்னுக்கு இழுப்பதைப் பார்ப்பீர்கள். வெறும் மேடையை நம்பி எழுதிய காலத்து நாடகத்துக்கு வார்த்தையே மேடையலங்காரம் என்பதை அந்தக் கால் புரிந்துகொண்டுவிடும்.

அழுத சிறுமியிடம் வருகிறேன். அவள் அழுததால் நாடகத்தை நிறுத்தினால், தன் அழுகைதான் எல்லாருடைய நாடகத்தையும் கெடுத்தது என்று அவள் எடுத்துக்கொள்வாள். அப்படிச் செய்யாதீர்கள். அதே சமயம் வகுப்பு முன்னால், "உங்க வீட்லயும் இப்படித்தானா?" என்று ஒருபோதும் கேட்காதீர்கள். அவள் வீட்டுக் கதை வேறு, லியர் கதை வேறு. முதியோர் இல்லத்துக்குப் போனவர்கள் எல்லாரும் துரத்தப்பட்டவர்கள் இல்லை. அவள் பெற்றோர் கானரிலும் ரீகனும் இல்லை. இந்தக் குழப்பம் அவள் மனதில் வேர்விடாமல் பார்ப்பதுதான் இங்கே உங்கள் வேலை. தனியாகக் கூப்பிட்டு, "அன்னைக்கு அந்தக் காட்சி கஷ்டமா இருந்துச்சா? நீ மேடையில் இருக்கணுமா, பின்னால் இசைக் குழுவில் இருக்கணுமா, இல்ல கொஞ்ச நாள் பார்த்துட்டு சொல்றியா?" என்று கேளுங்கள். எதைத் தேர்ந்தாலும் சரி. வீட்டுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள், புகார் மாதிரி ஒலிக்காமல். இரண்டு மூன்று வாரம் தாண்டியும் தூக்கம், சாப்பாடு, விளையாட்டு எதிலாவது மாற்றம் தெரிந்தால் பள்ளி ஆலோசகரிடமோ குழந்தைகள் மனநல மருத்துவரிடமோ பேசச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு ஒத்திகை முடிவிலும் வேடத்தைக் கழற்றும் பழக்கம் வேண்டும். கை கால்களை உதறி, அவரவர் பெயரைச் சத்தமாகச் சொல்லி, இன்றைக்கு என்ன கிழமை என்று ஒரே குரலில் கத்தினால் போதும். கானரிலாக நடிக்கும் பெண்ணுக்கு இது ரொம்ப முக்கியம். இல்லாவிட்டால் இடைவேளையிலும் அவளைக் கானரில் என்று கூப்பிட்டுப் படுத்தியெடுப்பார்கள்.

மரம்

கொஞ்சம் கண்டிப்பாகப் பேசப்போகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள். அந்தப் பையனைக் காப்பாற்ற மரமாக்கினேன் என்கிறீர்கள். அவனைக் கேட்டீர்களா? கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. 1989இல் ஐ.நா. ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு, தன்னைப் பற்றிய முடிவுகளில் கருத்துச் சொல்ல குழந்தைக்கு உரிமை உண்டு என்கிறது. 31ஆம் பிரிவு, கலையில் பங்கெடுக்கும் உரிமையைச் சொல்கிறது. பெரிய பேச்சாகத் தோன்றலாம். ஆனால் அதன் பொருள் நாளைக் காலை ஐந்து நிமிடம் அவனோடு உட்கார்ந்து, "உனக்கு இதில் என்ன செய்யப் பிடிக்கும்?" என்று கேட்பதுதான்.

கேட்கும் முன் இரண்டு விஷயம் தெரிந்திருக்கட்டும். திக்கிப் பேசும் பலருக்கு, மற்றவர்களோடு சேர்ந்து ஒரே குரலில் சொல்லும்போதும் பாடும்போதும் திக்கல் வெகுவாகக் குறைகிறது. இது சிகிச்சை இல்லை. தனியாகப் பேசும்போது திக்கல் திரும்ப வரும். ஆனால் மேடையில் மற்றவர்களோடு சேர்ந்து முழுக் குரலில் பேசும் சந்தோஷம் உண்மையானது. வேடம் போட்டதும் சிலருக்குச் சரளம் வரும், சிலருக்கு வராது. வரும் என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். மனப்பாட வசனத்தில் இன்னொரு சங்கடம் இருக்கிறது: சிக்கும் சொல்லுக்குப் பதில் வேறு சொல்லைப் போட முடியாது. அதனால் சொல்லை மாற்றிக்கொள்ள அவனுக்கு முழு அனுமதி கொடுங்கள். நடுவில் நின்றுவிட்டால் யாரும் எடுத்துக் கொடுக்கக் கூடாது, காத்திருக்க வேண்டும் என்று மற்றப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அவன் கார்டிலியா வேண்டும் என்று கேட்டால்? ஷேக்ஸ்பியர் காலத்தில் கார்டிலியாவாக நடித்ததே ஒரு பையன்தான். அன்றைய ஆங்கில மேடையில் பெண் வேடமெல்லாம் சிறுவர்களுக்குத்தான்.

மற்ற மரங்களையும் வெட்டிவிடுவோம். அவர்கள் எல்லாரும் புயல் ஆகட்டும். மூன்றாம் அங்கத்தில் லியர் கொட்டும் மழையில் வெட்டவெளியில் நின்று கத்துகிறார். அந்தக் காலத்தில் இடிச் சத்தத்துக்குப் பீரங்கிக் குண்டை உருட்டுவார்கள், முரசு அடிப்பார்கள். உங்களுக்கு இருபத்தைந்து ஜோடிக் கைகள் இருக்கின்றன. முதலில் உள்ளங்கைகளைத் தேய்த்தால் காற்று. ஒரு விரலால் உள்ளங்கையில் தட்டினால் தூறல், இரண்டு, மூன்று என்று விரல் கூடக் கூட மழை. தொடையில் தட்டினால் பெருமழை, குதிகாலால் தரையில் இடித்தால் இடி. லியரின் வசனத்துக்காக அடங்கி, அவர் மூச்சு வாங்கும் இடத்தில் மறுபடி எழ வேண்டும். அதற்கு வசனத்தை ஒவ்வொரு சொல்லாகக் கவனித்தாக வேண்டும். வசனம் இல்லாத பிள்ளைகள்தான் கடைசியில் லியரின் பேச்சு முழுவதையும் மனப்பாடமாகச் சொல்வார்கள், பாருங்கள்.

லியர் ஒருவராக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஐந்து காட்சிக்கு ஐந்து லியர். காட்சி முடிந்ததும் மகுடமும் ஒரு சால்வையும் அடுத்தவருக்குப் போகும். புயலில் மகுடம் கிடையாது, சால்வை மட்டும். பார்ப்பவர்கள் குழம்புவார்களோ என்ற கவலை வேண்டாம், மூன்றாவது நிமிடத்தில் பழகிவிடும்.

சிறுவர்களை நம்பிப் பெரிய நாடகத்தைக் கொடுப்பது புதிதும் இல்லை. 1918இல் சங்கரதாஸ் சுவாமிகள் சிறுவர்களைக் கொண்டே ஒரு நாடக சபை தொடங்கினார். நம் மேடையில் ஒரு தலைமுறை நடிகர்கள் இப்படிப்பட்ட பாய்ஸ் கம்பெனிகளில்தான் தயாரானார்கள். அந்தக் காலத்துக் கண்டிப்பு நமக்கு வேண்டாம், நம்பிக்கையை மட்டும் எடுத்துக்கொள்வோம். பம்மல் சம்பந்த முதலியார் ஹாம்லெட்டை 'அமலாதித்யன்' ஆக்கியது போல நீங்களும் பெயர்களைத் தமிழாக்கலாமா என்று கேட்டால், ஆக்கலாம். எனக்கென்னவோ 'கார்டிலியா' என்று சொல்ல முயன்று பிள்ளைகள் தடுமாறிச் சிரிப்பதே பிடித்திருக்கிறது.

பெற்றோர், படம்பிடிப்பு, உரிமை

பெற்றோர் இருவரையும் சமாதானப்படுத்த முயலாதீர்கள், வகுப்புக்குக் கூப்பிடுங்கள். வீரர்கள் உட்காரும் பயிற்சியை ஒருமுறை பார்க்கட்டும். கதை என்ன, எங்கே நிறுத்துகிறோம், எதைக் காட்டமாட்டோம் என்று எல்லாப் பெற்றோருக்கும் ஒரு பக்கக் கடிதம் முன்கூட்டியே போகட்டும். அதற்கப்புறமும் வேண்டாம் என்பவர்களின் பிள்ளைக்கு வேறு நல்ல வேலை கொடுங்கள், தண்டனை மாதிரி இருக்கக் கூடாது. நிகழ்ச்சியைப் படம்பிடித்து இணையத்தில் போடும் எண்ணம் இருந்தால் ஒவ்வொரு வீட்டிலும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். ஒருவர் மறுத்தாலும் போட வேண்டாம் என்பது என் கட்சி.

ஷேக்ஸ்பியர் இறந்தது 1616இல், அவர் நாடகத்துக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் அண்மைக் கால மொழிபெயர்ப்பையோ தழுவலையோ அப்படியே எடுத்தால் அதற்குத் தனிப் பதிப்புரிமை உண்டு. புயல் காட்சிக்குப் போடும் சினிமா இசைக்கும் உண்டு. பள்ளிக்குள், மாணவர்களும் பெற்றோரும் மட்டும் பார்க்கும் நிகழ்ச்சிக்குச் சில நாட்டுச் சட்டங்கள் சலுகை தருகின்றன. டிக்கெட் போட்டாலோ இணையத்தில் ஏற்றினாலோ அந்தச் சலுகை நிற்காமல் போகலாம். உங்கள் வகுப்பே வசனம் எழுதி, கையாலேயே புயலை உண்டாக்கினால் இந்தத் தலைவலி எதுவும் இல்லை.

பள்ளி நிர்வாகம் லியரே கூடாது என்று முடிவாகச் சொல்லிவிட்டால் இடிந்துபோக வேண்டாம். சூத்திரகரின் சமஸ்கிருத நாடகமான 'மிருச்சகடிக'த்தில் ஒரு சின்னக் காட்சி: பக்கத்து வீட்டுப் பையனின் பொன் வண்டிக்காக ஏங்கி, தன் மண் வண்டி வேண்டாம் என்று அழும் சிறுவனுக்காக, கதாநாயகி வசந்தசேனை தன் நகைகளைக் கழற்றி அந்த மண் வண்டியில் போடுகிறாள். நாடகத்துக்குப் பெயர் வந்ததே அந்தக் குழந்தையின் பொம்மையால்தான். உங்கள் பிள்ளைகளுக்குச் சமவயதுப் பாத்திரம் வேண்டுமென்றால் அங்கே இருக்கிறது.

எட்டு வாரக் கணக்கு எளிது. 16 பாடவேளையில் முதல் பத்தை விளையாட்டுக்கும் பயிற்சிக்கும் விடுங்கள்: வரைபடம், புதிர், திட்டு, வீரர்கள், மலை உச்சி, புயல். யாருக்கு எந்த வேடம் என்று அதுவரை சொல்லவே வேண்டாம். அந்தப் பத்தில் பிள்ளைகள் தாங்களாகச் சொன்ன நல்ல வரிகளைக் குறித்து வையுங்கள், அதுதான் உங்கள் வசனப் பிரதி. கடைசி ஆறில் ஐந்து காட்சிகளைக் கோத்துவிடலாம். 25 நிமிடம் கிடைத்திருக்கிறது என்பதற்காக 25 நிமிடமும் நிரப்ப வேண்டாம், 18 நிமிடத்தில் முடிந்தால் யாரும் கோபப்பட மாட்டார்கள்.

மகுடம் அட்டையிலேயே செய்யலாம், தங்கக் காகிதம் ஒட்டினால் போதும். ஐந்து தலைக்கு ஒரே மகுடம் என்பதால் பின்பக்கம் மட்டும் இரண்டு அங்குலத்துக்கு எலாஸ்டிக் வைத்துத் தைத்துவிடுங்கள். சின்னத் தலையில் அது கொஞ்சம் சரிந்து காதில் நிற்கும். அதை யாரும் சரிசெய்ய வேண்டாம்.